அரசாணித் தோட்டத்தில் ஒரு மார்கழிக் காலை

நம் நாட்டுக் காய்கறிகளுள் பரிகாசத்துக்கு மிகுதியும் ஆளானது பூசணிதான்; பருத்த உடம்புக்காரரைக் கேலி செய்வதற்கும், மறைக்க முடியாத பொய்யை இடித்துக் காட்டுவதற்கும் அதன் பெயரையே நாம் எடுத்து வழங்குகிறோம். மண்மேல் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு அதை மந்த சுபாவமுள்ள ஒரு பொருளாக மதித்துவிட்டோம் போலும். ஆனால் அந்தக் காய் உருவாவதற்கு முன் நடந்தேறுகிற காரியங்களோ வெகு துரிதமானவை. விடியற்காலைக்கும் முற்பகலுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்துக்குள் தீர்மானமாகிவிடுகிறவை. அதிலும் விசேஷம் என்னவென்றால், உருப்பெருக்கியும் ஆராய்ச்சிச் சாலையும் இல்லாமலே நாலு வயதுக் குழந்தையும் பிரத்தியட்சமாகக் கண்டுகொள்ளக் கூடியவை. அதற்கு வேண்டியதெல்லாம் நேரத்தோடு தோட்டத்துக்குப் போய்ச் சேருவதுதான்.

ஈரோட்டு வட்டாரத்தில் மஞ்சள் பூசணியை அரசாணிக்காய் என்பார்கள். தைப்பொங்கலன்று அரசாணியும் அவரையும் சமைக்காத வீட்டைக் கொங்கு நாட்டுக் கிராமங்களில் காண்பது அரிது. ஆடிப்பட்டத்தில் ஊன்றிய விதை முளைத்துக் கொடியோடி, மார்கழி பிறக்கும்போது ஒரே கொடியில் அரும்பும் பூவும் பிஞ்சும் முற்றிய காயுமாக நிற்கும். பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை விடுவதும் அதே சமயமாதலால், ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் குடியேறிவிட்ட குடும்பங்கள், கோபி, பெருந்துறை, சென்னிமலைப் பக்கத்து ஊர்களில் தாய்வழிப் பாட்டி தாத்தாவான அம்மாயியும் அப்பச்சியும் இருக்கிற தோட்டத்துச் சாளைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிற வழக்கம் இன்றும் அற்றுப்போய்விடவில்லை. பவானிசாகர் அணை 1955-இல் நிறைவெய்திய பிறகு கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குத் தண்ணீர் தருகிறது. அந்தத் தண்ணீரை நெல்லும் கரும்பும் மஞ்சளும் பங்கிட்டுக்கொள்ள, அரசாணியோ கிணற்று மேட்டையும் வரப்போரத்தையும் எருக்குழியைச் சுற்றிய இடத்தையும் கொடுத்தால் போதுமென்று திருப்தியடைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் அக்டோபர் மாதம் வந்தால் குடும்பம் குடும்பமாகப் பூசணித் தோட்டத்துக்குப் போய், குழந்தைகள் தாமே ஒரு காயைத் தேர்ந்தெடுத்துத் தூக்கி வருவது பெரிய கொண்டாட்டம். ஆனால் அவர்கள் போகிற வேளையில் குளிர் தாக்கிக் கொடி வாடிக் கிடக்கும்; காயைத் தவிர வேறொன்றையும் பார்க்க இயலாது. கற்பதற்கு ஏற்றது நம் மார்கழித் தோட்டமே என்பது என் அபிப்பிராயம்.

மார்கழியில் குழந்தைகளைத் தோட்டத்துக்கு இழுக்கிற முதற்காரணம் பூதான். வாசலில் கோலமிட்டுச் சாணிப்பிள்ளையாரின் தலையில் வைப்பதற்கு அரசாணிப் பூ வேண்டும். பனி படர்ந்த இட்டேரி வழியே கூடையோடு போகிற பிள்ளைகளிடம் பெரியவர்கள் ஒரு நிபந்தனை விதிப்பார்கள்: காம்பு நீண்டு மெலிந்த பூவை மட்டும் பறிக்க வேண்டும், அடியில் குண்டாகப் பிஞ்சு தாங்கிய பூவைத் தொடக் கூடாது. தாவர சாஸ்திரத்தின் ஓர் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு நிபந்தனைக்குள் அடங்கியிருக்கிறது. அரசாணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆயினும் இரண்டும் ஒரே கொடியில் பூக்கின்றன. ஆண் பூவின் நடுவே மகரந்தப் பைகள் ஒன்றாய்ப் பின்னிச் சேர்ந்து ஒரே தண்டாக நிற்கும். பெண் பூவின் நடுவிலோ மூன்றாகப் பிரிந்து மடிந்த சூல்முடி இருக்கும். அதன் கீழே, பூ மலருவதற்கு முன்பே, காயின் வடிவத்தைச் சிறிய அளவில் முழுமையாகக் கொண்ட சூலகம் தெரியும். கொடி முதன்முதலில் பூக்கிறபோது வருபவை ஆண் பூக்களே. சில நாட்கள் கழித்துத்தான் பெண் பூக்கள் எட்டிப் பார்க்கும். அதற்குள் தேனீக்களுக்குத் தோட்டத்தின் வழி நன்றாகப் பழகிவிடுகிறது. கடைசிவரையில் ஆண் பூக்களின் தொகையே மிகுதியாதலால், கோலத்துக்காக ஒரு கூடை போனாலும் விளைச்சலுக்குப் பங்கமில்லை.

ஆண், பெண் என்கிற இந்த விகிதமும் பிறவியிலேயே மாற்றமின்றி எழுதி வைக்கப்பட்டதன்று. பகல் நீண்டு வெயில் கொளுத்தும் காலத்தில் ஆண் பூக்கள் பெருகும். பகல் குறுகி இரவு குளிரும் காலம் பெண் பூக்களுக்கு அனுகூலம். கொடியின் உள்ளே இதை நடத்தி வைப்பவற்றுள் முக்கியமானது எத்திலீன் என்னும் வாயு. புகை மூட்டம் போட்டு வாழைத்தாரைப் பழுக்க வைக்கிறபோது வேலை செய்வதும் அதே வாயுதான். இந்த உண்மையை அனுசரித்தே கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், விதை ஊன்றிய 10, 15 நாட்களில் தொடங்கி வாரத்துக்கொரு முறையாக நான்கு தடவை, 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி வீதம் எத்ரல் கலந்து தெளிக்கும்படி குடியானவர்களுக்குச் சொல்கிறார்கள். தெளித்த மருந்து செடிக்குள் எத்திலீனாகச் சிதைந்து, ஆணாகவிருந்த அரும்புகளிற் பலவற்றைப் பெண்ணாக்கிவிடுகிறது.

பிஞ்சைக் கண்டவுடன் குழந்தை செய்கிற முதற்காரியம் விரல் நீட்டிக் காட்டுவது, அப்போது அம்மாயி பதறிப்போய், “கையை நீட்டாதே கண்ணு, பிஞ்சு வெம்பிப் போயிரும்!” என்று தடுப்பாள். சிறுவயதில் இந்த எச்சரிக்கையைக் கேளாத தமிழர் குறைவு. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அதற்கு அடிப்படையான அனுபவம் பொய்யன்று. பிஞ்சுகளில் பல உண்மையாகவே சில நாட்களில் மஞ்சளித்து, நுனி சுருங்கி, அழுகி விழுகின்றன; நேற்றுப் பேரப்பிள்ளை சுட்டிய பிஞ்சு இன்று வெம்பியிருப்பதைக் கண்ட பாட்டி, வெம்பியதையும் சுட்டியதையும் காரணகாரியமாக முடிச்சுப் போட்டாள். மெய்யான காரணங்கள் வேறு. பூ மலர்ந்த அந்த ஒரு காலையில் போதிய மகரந்தம் வந்து சேராத பிஞ்சைக் கொடி கைவிட்டுவிடும்; தப்பியதையும் பழ ஈ துளைத்து முட்டையிட்டுப் புழுவுக்கு இரையாக்கிவிடக் கூடும்; ஏற்கெனவே இரண்டொரு காய் பருத்துவிட்ட கொடியோ, இருக்கிற உணவைப் புதுப் பிஞ்சுகளுக்குப் பங்கிட மனமில்லாமல் தானே உதிர்த்துவிடும். அம்மாயியோடு வாதாடுவதைக் காட்டிலும், நாலு பிஞ்சுகளை விரல் நீட்டிக் காட்டவும், நாலு பிஞ்சுகளைக் காட்டாமல் விடவும் செய்து, ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்வது மேல். விஞ்ஞானத்தின் முதற்பாடம் அதுதான். அம்மாயிக்கும் சுவாரஸ்யமாக இருக்கும்.

ஒரு காலை என்று சொன்னது அலங்காரத்துக்காக அன்று. அரசாணிப் பூ இருள் பிரிகிற நேரத்தில் விரியும். வெயில் ஏறி முற்பகல் ஆவதற்குள் இதழ்கள் துவண்டு குவிந்துகொள்ளும். மறுநாள் அதே பூ மீண்டும் விரிவதில்லை. இதற்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேர வேண்டும். காற்று இந்தக் காரியத்துக்கு உதவாது. அரசாணியின் மகரந்த மணி கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியுமளவு பெரிதாக, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கி, முள் முளைத்த மேனியும் பிசுபிசுப்பான எண்ணெய்ப் பூச்சுமாக இருக்கிறது. காற்றிலே பறக்கிற நெல்லின் மகரந்தத்தைப்போல் இது நாலு மடங்கு பருமன் உள்ளது. தாங்கிச் செல்ல ஒரு ஜீவன் வேண்டும். நம் தோட்டங்களில் அந்த வேலையைச் செய்கிறவை அடுக்குத் தேனீ, மலைத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ முதலியன. காலை ஏழு மணிக்குப் பூவுக்குள் எட்டிப் பார்க்கிற குழந்தை, உடம்பெல்லாம் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு தடுமாறி வெளியேறுகிற தேனீயைக் காணும். பத்து மணிக்குப் போனாலோ வாடிய பூவைத்தான் காணும்.

தேனீ ஒரு முறை வந்து போனால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காய்க்குள் விதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன; ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக ஒரு மகரந்த மணி இறங்கியாக வேண்டும். விதை பிடித்த பக்கந்தான் சதை பருப்பதற்கான ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஆகையால் மகரந்தம் அரைகுறையாக விழுந்த காய் பெரும்பாலும் ஒரு பக்கம் பருத்தும் மறு பக்கம் சூம்பியும் கோணலாக வளரும். சந்தையில் கோணல் காயைக் கண்டால் அதன் பூ மலர்ந்த காலையில் தேனீக்கள் குறைவாக வந்தன என்று ஊகிக்க இடமுண்டு. இந்த நிலையில், பூ விரிந்திருக்கும் காலை வேளையிலேயே பூச்சிமருந்து அடிக்கிற வழக்கம் எவ்வளவு நஷ்டமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. அடித்தே தீர வேண்டுமானால் பூ மூடிய பின் சாயங்காலத்தில் அடிப்பது ஓரளவு கெடுதியைக் குறைக்கும். குழந்தைகளுக்கு வேடிக்கையும் விளைச்சலுக்கு லாபமுமான ஒரு வேலையும் உண்டு: ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் களைந்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவி, அடையாளமாகக் காம்பில் ஒரு நூலைக் கட்டிவிடுவது. சில நாட்களில் அந்தப் பிஞ்சு பருக்கத் தொடங்கினால், கட்டிய பிள்ளைக்கு உண்டாகிற பெருமிதத்துக்கு அளவிராது.

தேனீக்கள் ஓய்ந்த பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம். இலையின்மேல் நரம்பையொட்டி வெள்ளி பூசினாற்போன்ற திட்டுக்கள் இருந்தால் நோயென்று பயப்பட வேண்டாம். மேற்றோலுக்கும் அதன் கீழுள்ள பசிய அடுக்குக்கும் நடுவே காற்று அடைபட்டிருப்பதால் தோன்றுகிற வெண்மை அது. பற்றுக்கம்பி எதையாவது பிடித்துக்கொண்டபின் சுருள்கிறபோது, பாதி தூரம் வலமாகவும் மீதி தூரம் இடமாகவும் சுருண்டிருக்கும். இரண்டு முனைகளும் கட்டுண்ட ஒரு கயிற்றை முறுக்காமல் ஒரே திசையில் சுருட்ட முடியாது என்பதே இதன் ரகசியமென்று 1865-ஆம் ஆண்டிலேயே டார்வின் எழுதி வைத்தார்.

பூவையும் கொடியையும் பார்த்து முடித்த குழந்தை கடைசியில் முற்றிய காயின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “இது எதுக்குங்க அப்பச்சி இத்தனை பெருசு?” என்று கேட்பது நிச்சயம். இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பெரிதாயிற்று என்பது ஒன்று, எதற்காகப் பெரிதாயிற்று என்பது மற்றொன்று.

முதலாவதற்கு விடை காம்பில் இருக்கிறது. அரசாணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மீதி மாவும் சர்க்கரையும் நாரும். இவை அனைத்தும் இலைகளிலிருந்தும் வேரிலிருந்தும் ஒரே ஒரு காம்பின் வழியாகத்தான் காய்க்குள் புக வேண்டும். இலையில் சமைத்த சர்க்கரையைக் கொண்டுசெல்கிற குழாய்த் திசுவுக்குப் புளோயம் என்று பெயர். பூசணிக் குடும்பத்தில் இது மற்றச் செடிகளைப்போல் நரம்புக் கற்றைக்குள் மட்டும் அடங்காமல் தண்டு முழுவதும் கிளை பரப்பியிருக்கிறது. இளங்காம்பை நறுக்கினால் முத்து முத்தாகச் சாறு துளிர்க்கும். தொட்டுப் பார்ப்பதற்குள் அது கூழாக உறைந்துவிடும். காயத்தை அடைத்துச் சாறு வீணாகாமல் காப்பதற்காக அதிலேயே கலந்திருக்கிற புரதங்களின் வேலை அது. போட்டிகளுக்கென்று வளர்க்கப்படும் ராட்சதப் பூசணிகளைத் தாவர விஞ்ஞானி ஜெசிக்கா சாவேஜும் அவருடன் உழைத்தவர்களும் ஆராய்ந்து 2015-இல் ஒரு முடிவு கண்டார்கள்: அந்தக் கொடிகளின் இலைகள் சாதாரணக் கொடிகளைவிட அதிகமாக உணவு சமைப்பதில்லை, சமைத்ததைக் காய்க்குக் கொண்டுசேர்க்கிற புளோயமே அவற்றில் பெருகியிருக்கிறது. 2023-இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே ஊரில் நிறுத்துப் பார்த்த ஒரு பூசணி 1,247 கிலோ இருந்தது. நம் தேவை வேறு. கோயம்புத்தூரில் உருவாக்கிய கோ 1 ரகத்தின் காய் 7, 8 கிலோ தேறும்; கோ 2 ரகமோ 1.5 முதல் 2 கிலோவுக்குள் நின்றுவிடும். காயைக் கீற்றுப் போட்டு ஊர் முழுவதும் பங்கிட்டுக்கொண்ட காலம் போய், நாலு பேர் குடும்பம் முழுக் காயாக வாங்க விரும்புகிற காலம் வந்துவிட்டதற்கு இந்தச் சிறிய காய் பொருத்தமாக அமைந்தது.

எதற்காக என்கிற கேள்விக்கு விடை வெகு தூரத்தில் இருக்கிறது. பூசணியின் காட்டு மூதாதைகள் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை, கைக்குள் அடங்குகிற உருண்டைக் காய்கள், ஓடு கெட்டி, சதையோ குகர்பிட்டசின் என்னும் பொருளால் சகிக்க முடியாத கசப்பு. எலியும் அணிலும் வாய் வைக்க அஞ்சுகிற அந்தக் காயை முழுசாக விழுங்கி, விதையைத் தொலைதூரம் கொண்டுபோய்ச் சாணத்தோடு இட்டவை மாஸ்டோடான் முதலிய யானையினப் பேருயிர்கள். இது வெறும் கற்பனையன்று; புளோரிடாவின் ஒசில்லா ஆற்றுப்படுகையில் கிடைத்த மாஸ்டோடான் சாணத்திலேயே பூசணி விதைகள் இருந்தன. பாலூட்டிகளுள் உடல் சிறுத்தவற்றுக்குக் கசப்பை உணர்த்தும் ஜீன்கள் மிகுதியாகவும் உடல் பெருத்தவற்றுக்குக் குறைவாகவும் அமைந்திருப்பதை 2015-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. பனியுகத்தின் முடிவில் அந்தப் பேருயிர்கள் பூண்டற்றுப் போயின. விதையைச் சுமக்க ஆளில்லாமல் காட்டுப் பூசணிகளும் அருகத் தொடங்கின. அந்தச் சமயத்தில் மனிதன் வந்து கையில் எடுத்தான். மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதியில் உள்ள கிலா நகீட்ஸ் குகையிற் கிடைத்த பூசணி விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையானவை என்றும், காட்டு விதைகளைவிடப் பெரியவை என்றும் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் புரூஸ் ஸ்மித் 1997-இல் அறிவித்தார். கசப்புக் குறைந்த காயின் விதையை எடுத்து வைப்பது, பருத்த காயின் விதையை எடுத்து வைப்பது என்று தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வினால்தான் இன்றைய உருவம் உண்டாயிற்று. அப்பச்சி சொல்ல வேண்டிய பதிலும் அதுவே: நம்மைப் போன்றவர்கள் பெரிதையே தேடி எடுத்ததனால் பெரிதாயிற்று. தாளவாடிப் பக்கத்திலும் சத்தியமங்கலம் காட்டோரத்திலும் யானை புகுந்து தோட்டத்தை அழிக்கிறபோது குடியானவருக்கு உண்டாகிற கஷ்டத்தைச் சிறிதாக மதிக்க முடியாது. ஆயினும் பூசணி விஷயத்தில் யானைக் கூட்டத்தாருக்கு நம்மைவிட முந்திய பாத்தியதை இருக்கிறது.

பழைய கசப்பு முற்றிலும் தொலைந்துவிடவில்லை. எப்போதாவது ஒரு பூசணியோ சுரையோ கசந்தால், ஒரு வாயோடு துப்பிவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். குகர்பிட்டசின் வேக வைத்தாலும் போகாது, வயிற்றைக் கடுமையாகப் பாதிக்கும். குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்துக்கு ஐரோப்பியர் போய் வரத் தொடங்கிய பின்னரே, மிளகாயையும் உருளைக்கிழங்கையும் போல அரசாணியும் இங்கே கப்பலேறி வந்தது. ஆயுத பூஜையன்று உடைக்கிற சாம்பல் பூசணிதான் ஆசியாவுக்கே உரியது. அது வேறு இனம். எனவே சாணிப்பிள்ளையாரின் தலையில் அரசாணிப் பூ ஏறியது ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட சம்பவமாகத்தான் இருக்க முடியும். அநாதிகாலந்தொட்டு வருகிறதென்று நாம் நம்புகிற ஆசாரத்துக்குள் ஒரு வெளிநாட்டுப் பூ இத்தனை உரிமையோடு புகுந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்தமான செய்தி.

காயைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குழந்தைகளுக்கே விடலாம். நகம் இறங்காத தோலும், உலர்ந்து கட்டையான காம்பும், மண்ணில் படிந்த பக்கத்தில் மஞ்சளும் இருந்தால் காய் முற்றியது. காம்போடு அறுத்து அட்டாலியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. இருக்க இருக்க உள்ளிருக்கும் மாவு சர்க்கரையாக மாறி இனிப்பும் கூடும். சதையின் மஞ்சளுக்குக் காரணமான பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. கொழுப்பில் கரைகிற பொருளாகையால், தேங்காய்த் துருவலும் எண்ணெயும் சேர்த்துச் செய்கிற நம்மூர்ப் பொரியல், வெறுமே வேக வைத்துத் தின்பதைவிட உசிதமானது.

அறுத்த காயின் விதைகளைக் கழுவி உலர்த்திப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். பக்கத்துக் காட்டில் வேறு ரக அரசாணி இருந்திருந்தால், தேனீக்கள் இரண்டையும் கலந்துவிட்டிருக்கும். தாய்க்காயைப் போலவே காய்க்குமென்று உத்தரவாதமில்லை. முளைப்பதற்கு அது தடையன்று. ஒரு தேங்காய்த் தொட்டியில் ஈரமணலிட்டு ஒரு விதையைப் படுக்கையாகவும், மற்றொன்றைக் கூர்முனை கீழே இருக்க நிமிர்த்தியும் ஊன்றி, சில நாட்கள் கழித்து மணலை விலக்கிப் பார்க்கச் சொல்லலாம். படுக்கையாக வைத்த விதையில், வேரும் தண்டும் சந்திக்கிற இடத்தின் அடிப்புறத்தில் ஒரு சிறு முளை புடைத்து, விதைத்தோலின் கீழ்ப்பாதியை மண்ணோடு அழுத்திப் பிடித்திருக்கும். வளைந்த தண்டு நிமிருகிற விசையில் மேல்பாதி பிளந்து, பருப்பிலைகள் தோலைக் கழற்றிவிட்டு வெளிவரும். நிமிர்த்தி வைத்தது பல சமயம் தோலைத் தலையில் சுமந்துகொண்டே மேலே வந்து, இலை விரிக்க முடியாமல் திண்டாடும். டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-இல் வெளியிட்ட நூலில் இந்த முளையை வருணித்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் கீழ் என்று விதைக்குத் தெரிவிப்பது பூமியின் ஈர்ப்பாதலால், ஈர்ப்பை உணர முடியாத இடத்தில் என்ன நேரும் என்பதை அறிய, 1998-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பூசணியின் பங்காளியான வெள்ளரி விதைகளை விண்வெளி ஓடத்தில் அனுப்பி முளைக்க வைத்தார்கள். விதைத்தோலைப் பிடிக்கிற அந்த முளை தோன்றாமற் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே நாற்றின் இரு பக்கங்களிலும் முளை தோன்றியிருந்தது. கீழ்ப்பக்கத்தில் முளையை உண்டாக்குவது ஈர்ப்பின் வேலையன்று, மேற்பக்கத்தில் எழவிருப்பதை அடக்குவதே அதன் வேலை என்று அதிலிருந்து தெரிய வந்தது.